நல்ல செய்தி எந்தப் படியில் நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் படித்து வருகிறேன். அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, ஆரல்வாய்மொழியில் வசிக்கிறேன். தூய்மையான மின்சாரம் பற்றியும் புதிய சிகிச்சைகள் பற்றியும் அண்மைக் காலமாக நம்பிக்கை தரும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அவற்றை நம் மக்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதவேண்டும் என்று பல மாதங்களாக எண்ணியிருந்தேன். எழுதத் தூண்டியது என் குடும்பத்தில் நடந்த ஒன்று என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தங்கையின் மகனுக்கு ஹீமோபிலியா. ரத்தம் உறைவதற்கு வேண்டிய காரணிகளில் எட்டாவது அவன் உடலில் போதிய அளவு சுரப்பதில்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் அந்தக் காரணியை வாரம் இருமுறை நரம்பு வழியாக ஏற்றிக்கொள்கிறான். வீட்டில் யாரும் அதைக் காரணி என்று சொல்வதில்லை, "ஃபேக்டர் போட்டாச்சா?" என்றுதான் என் தங்கை கேட்பாள். சிறு குப்பியில் வெள்ளைப் பொடி இருக்கும். அதில் உடன் வரும் நீரைச் செலுத்தி, குலுக்காமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். பொடி முழுவதும் கரைந்து தெளியும் வரை அந்தச் சமையலறையில் யாரும் பேசமாட்டார்கள். இன்று அவனுக்கு இருபத்தைந்து வயது. எத்தனை ஊசிகள் என்ற கணக்கை அவன் அம்மா எப்போதோ விட்டுவிட்டாள்.

2024 டிசம்பரில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்த நோய்க்கு மரபணு சிகிச்சை அளித்த முடிவுகள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தன. நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து, ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட ஒரு வைரஸை வாகனமாகக் கொண்டு எட்டாம் காரணிக்கான மரபணுவை அவற்றில் சேர்த்து, எலும்பு மஜ்ஜையில் அவற்றுக்கு இடம் உண்டாகும்படி கீமோதெரபி மருந்துகள் கொடுத்து, பிறகு அதே செல்களை அவருக்கே திரும்பச் செலுத்தும் முறை அது. ஐந்து பேருக்குச் செய்தார்கள். சிகிச்சைக்குப் பின் கண்காணிக்கப்பட்ட காலத்தில் அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. நம் மாநிலத்தில், ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் உள்ள ஊரில் நடந்த காரியம் இது. செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று மாலைக்குள் உறவினர்களின் அழைப்புகள் வரத் தொடங்கின. மார்த்தாண்டத்திலிருந்து பேசிய சித்தி, "வேலூரில் ஒரே தடவையில் சரியாக்கிவிடுகிறார்களாமே, இனிமேல் எதற்குப் பிள்ளையைக் குத்திக் குத்தி எடுக்கிறீர்கள்?" என்றார். மறுநாள் காலை தேநீர்க் கடையில் என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர், "ஐந்து பேர்தானே! நம்மைப் போன்றவர்களுக்கு இது எந்தக் காலத்தில் வரப்போகிறது? மருந்துக் கம்பெனிக்காரன் வர விடுவானா?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளை மடித்து வைத்தார். சித்தியின் பேச்சில் பாசம் இருந்தது. நண்பரின் பேச்சில் என்மீது அக்கறை இருந்தது, நான் ஏமாந்துவிடக் கூடாதே என்ற அக்கறை. ஆனால் இருவருமே செய்தியின் தலைப்போடு நின்றுவிட்டார்கள். அந்த ஐந்து பேருக்கும் என்ன செய்தார்கள், இன்னும் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதன் விளைவை நாங்கள் ஜனவரியில் அனுபவித்தோம். எங்களுக்குத் தெரியாமல் அவன் தொடர்ந்து நான்கு ஊசிகளைத் தவிர்த்திருக்கிறான். ஒருநாள் பேருந்திலிருந்து இறங்கும்போது கால் லேசாகத் திரும்பியது, அவ்வளவுதான்; இரவுக்குள் மூட்டுக்குள் ரத்தம் இறங்கி முழங்கால் பனங்காய் போல வீங்கிவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில் அவன் என்னிடம் சொன்னது இது: "சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும்தானே மாமா, அதுவரை கொஞ்சம் விட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன்." மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. அந்த மூட்டு இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

என் தங்கையின் நிலை வேறு. அவள் செய்தியைப் படிக்கவே மறுத்துவிட்டாள். அவளுடைய மறுப்பை நான் குறை சொல்ல முடியாது. எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். 1974-ல், அவனுக்கு ஒன்பது வயதில், ஆடிக்கொண்டிருந்த பால்பல்லைப் பிடுங்கினோம். அந்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. மஞ்சள் வைத்தார்கள், படிகாரம் வைத்தார்கள், சுருட்டிய துணியைக் கடிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் வந்து, இன்ன ஊரில் இன்னார் கொடுக்கும் மருந்து கைகண்டது, இன்றோடு நின்றுவிடும் என்று உறுதி சொன்னார். ஆறாம் நாள் அவன் போய்விட்டான். நோயின் பெயரே எங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து, தங்கையின் மகனைப் பரிசோதித்த மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்டபோதுதான் தெரிந்தது. அந்த ஆறு நாட்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நல்ல வார்த்தை சொன்னவர்களின் முகங்கள் என் தங்கைக்கு இன்னும் நினைவிருக்கின்றன. நம்பிக்கை தரும் செய்தி கேட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களை எல்லாம் அறிவியலின் எதிரிகள் என்று படித்தவர்கள் திட்டுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தம் உண்டாகிறது. அவர்களில் பலர் ஒருமுறை மனமார நம்பி, நம்பியதற்கான விலையைக் கொடுத்தவர்கள்.

நம் தமிழ்நாடு முழுவதுமே அப்படி ஒருமுறை நம்பியது. 1996-ல் மூலிகை பெட்ரோல் பற்றிய செய்தி வந்தபோது நான் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தண்ணீரும் இலையும் இருந்தால் பெட்ரோல் செய்துவிடலாம், இனி அரபு நாடுகளை நம்பியிருக்க வேண்டாம் என்று ஊரே பேசியது. மாணவர்கள் கேட்டார்கள், உண்டு என்றோ இல்லை என்றோ நான் சொல்லவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ எடையுள்ளது, அதில் பெரும்பகுதி கார்பன், தண்ணீரில் கார்பன் கிடையாது, இலையில்தான் உண்டு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒரு கைப்பிடி இலையின் எடை என்ன என்று மட்டும் கேட்டேன். வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அப்போ மிச்சக் கார்பனை யார் போட்டது சார்?" என்றான். என் பணிக்காலத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்விகளில் அது ஒன்று. அந்த விவகாரம் பின்னர் மத்தியப் புலனாய்வு விசாரணைக்குச் சென்று, அதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னவருக்கு 2016-ல் சென்னை நீதிமன்றம் தண்டனை விதித்தது. ஆனால் அந்தப் பையனுக்கு இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

எல்லாவற்றையும் சந்தேகிப்பதற்கான பாடமாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் வீட்டு மாடியில் நின்று பார்த்தால் முப்பந்தல் வரை காற்றாலைகள் தெரியும். 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகளை நிறுவியதற்குச் சில ஆண்டுகள் கழித்து எங்கள் கணவாயிலும் அவை எழத் தொடங்கின. அப்போது ஊரில் பேசியதை நான் கேட்டிருக்கிறேன்: இந்தக் காற்றாடி மேகத்தை விரட்டிவிடும், மழை பெய்யாது, இது விசிறி மாதிரி, ஒரு பல்புகூட எரியாது. இன்று தமிழகத்தின் காற்றாலை நிறுவுதிறன், அதாவது எல்லாக் காற்றாலைகளும் முழு அளவில் ஓடினால் தரக்கூடிய மின்திறன், பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. சூரிய மின்சாரத்தின் கதை இதைவிட வேகமானது. தேசிய சூரிய மின் இயக்கத்தின் முதல் ஏலம் நடந்த 2010-ல் யூனிட்டுக்குக் கேட்கப்பட்ட மிகக் குறைந்த விலையே 10 ரூபாய் 95 காசு. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் அது 2 ரூபாய் 44 காசுக்கு வந்துவிட்டது. பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு, நமக்குக் கட்டுப்படியாகாது என்று 2010-ல் அடித்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன். தவறாகச் சொன்னேன்.

ஆனால் 2012-ல் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல், விசிறி மட்டையோடு தேர்வுக்குப் படித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் போய்க் காற்றாலைச் சாதனையைப் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "இத்தனை காற்றாடி சுற்றியும் எங்கள் வீட்டில் இருட்டுதானே" என்றுதான் சொன்னார்கள். அதில் உண்மை இருந்தது. எங்கள் கணவாயில் காற்று வைகாசியில் கிளம்பி, தென்மேற்குப் பருவம் முடியும்போது ஓய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலான இறக்கைகள் அசையாமல் நிற்கும். காற்றாலை இருப்பது வேறு, அது இன்றைக்கு மின்சாரம் தருவது வேறு.

இந்த வேறுபாட்டை விளக்காமல் வரும் செய்திதான் பின்னால் கசப்பாக மாறுகிறது. நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகளுக்கு மாறிவிட்டது என்றும், 2030-க்கு வைத்த இலக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே எட்டப்பட்டது என்றும் 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. உண்மையான, பெருமைப்படத்தக்க சாதனை. ஆனால் அந்தப் பாதியில் பெரிய அணைகளும் அணுமின் நிலையங்களும் சேரும். சூரியத் தகடு இரவில் உறங்கும். ஆகவே உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. மறுநாள் தேநீர்க் கடையில் ஒருவர், "பாதி கரண்டு இனிமேல் சூரியனிலிருந்துதான்" என்று மகிழ்ந்தார்; இன்னொருவர், "அப்படியானால் அனல் மின் நிலையத்தை ஏன் மூடவில்லை? எல்லாம் பொய்" என்றார். நிறுவுதிறன், உற்பத்தி என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் செய்தியிலேயே இரண்டு வரியில் சொல்லியிருந்தால் அவர்கள் இருவரும் மூன்றாவதாக ஒரு நல்ல கேள்விக்கு வந்திருப்பார்கள்: பகலில் மிஞ்சும் மின்சாரத்தை இரவுக்கு எப்படிச் சேமிப்பது? அதற்கு விடையாகக் கோவை மாவட்டத்துக் கடம்பாறையில், மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றித் தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் எண்பதுகளின் இறுதியிலிருந்தே இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 2022 டிசம்பர் 5-ல் நடந்த, லேசான அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து ஆற்றல் எடுக்கும் அணுக்கருச் சேர்க்கைச் சோதனையையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். உள்ளே செலுத்திய லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளிவந்தது 3.15 மெகாஜூல். எழுபது ஆண்டு முயற்சிக்குக் கிடைத்த வெற்றி என்று நானே இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்த லேசர்களை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது. இதையும் சேர்த்துச் சொன்னால் அந்த வெற்றி சிறுத்துவிடாது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், எவ்வளவு மிச்சம் என்ற இரண்டும் ஒரே கணக்கில் தெரியும்.

நம்ப மறுப்பதால் ஏற்படும் இழப்புக்கு அஞ்சுகிறவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காசநோய் என்றால் ஊருக்கு வெளியே, நல்ல காற்றும் சத்தான உணவும் முழு ஓய்வும் தந்து, சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பதே சரியான வைத்தியம் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச் சிகிச்சை மையத்தில், நெருக்கடியான வீடுகளில் அரை வயிற்றுக்கு உண்டு வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். மற்றொரு பகுதியினருக்கு அதே மருந்தைச் சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தார்கள். 1959-ல் வெளியான முடிவு, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள் என்றும், அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்று ஏற்படவில்லை என்றும் காட்டியது. பத்துப் பேர் படுக்கும் ஓர் அறையில் காசநோயாளியை வைத்துக் குணமாக்கலாம் என்று அன்று ஒருவர் வந்து சொன்னால் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்த ஆய்வாளர்கள் நம்பச் சொல்லிக் கேட்கவில்லை. அதே நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துக் கணக்குக் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் காசநோயாளிகள் இன்று வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவதற்கு அந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

தேநீர்க் கடை நண்பர் எழுப்பிய விலைக் கேள்வி நியாயமானது. ஹீமோபிலியாவின் இன்னொரு வகைக்கு அமெரிக்காவில் 2022-ல் ஒப்புதல் பெற்ற மரபணு மருந்தின் விலை ஒரு நோயாளிக்கு 35 லட்சம் டாலர். இதைக் கேட்டபின் ஏழை ஒருவர் சலித்துக்கொள்வதில் என்ன தவறு? ஆனால் சலிப்போடு நின்றுவிட்டால் இன்னொரு செய்தி கண்ணில் படாமல் போகும். நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்புச் செல்களை மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்கச் செய்யும் முறைக்குக் கார்-டி செல் சிகிச்சை என்று பெயர். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய அத்தகைய சிகிச்சையை 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். வெளிநாட்டு விலையில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அப்படியும் பல லட்சம் ரூபாய் ஆகிறது. அதுவும் ரத்தப் புற்றுநோயின் சில வகைகளில், வழக்கமான சிகிச்சைக்கு அடங்காதவர்களுக்குத்தான் பொருந்தும். "புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது" என்று சொல்வதும் தவறு, "ஏழைக்கு இல்லை" என்று முடித்துவிடுவதும் தவறு. காப்பீட்டுத் திட்டத்தில் இது எப்போது சேரும், அரசு மருத்துவமனைக்கு எப்போது வரும் என்று சட்டமன்ற உறுப்பினரைக் கேட்கக்கூடிய கட்டத்துக்கு அது வந்துவிட்டது. கேட்பதற்கு ஆள் வேண்டும். கேட்க வேண்டியவர்களோ மகிழ்ந்துவிட்டோ சலித்துவிட்டோ வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, அந்தக் கண்டுபிடிப்பு எந்தப் படியில் நிற்கிறது என்பதைத் தலைப்புக்குக் கீழேயே ஒரு வரியில் குறிப்பிடுங்கள். எலிகளிடம் சோதிக்கப்பட்டதா, ஐந்து பேரிடமா, ஐந்நூறு பேரிடமா, ஒப்புதல் கிடைத்துவிட்டதா, நம் அரசு மருத்துவமனையில் கிடைக்கிறதா என்று அந்த வரி சொல்லட்டும். இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்பதையும், வாசகர்களுக்குத் தெரிந்ததுதானே என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு முறையும் அச்சிடுங்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும்தான் அந்த முழங்கால் போனது. மின்சாரச் செய்திகளில் நிறுவுதிறனையும் உற்பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இவற்றைவிட முக்கியமாக, ஒரு செய்தியை முதல் பக்கத்தில் வெளியிட்டால் ஓராண்டு கழித்து அதைத் தேடிப் போய் அது என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். தென்கொரியாவிலிருந்து 2023 ஜூலையில் வந்த, அறை வெப்பநிலையில் மின்தடையே இல்லாத பொருள் என்ற அறிவிப்பைப் பலரும் வியந்து பேசினார்கள். சில வாரங்களில் உலகெங்கும், டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட, பல இடங்களில் அதைச் செய்து பார்த்து அவ்வாறு இல்லை என்று கண்டார்கள். முதல் செய்தி எங்கள் ஊர் வரை வந்தது, இரண்டாவது வரவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண் சென்ற ஆண்டுகூட அதைப் பற்றி ஆர்வத்தோடு விசாரித்தாள். அவளுக்கு அந்த இரண்டாவது செய்தியைச் சொல்லும்போது எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. ஆனால் பல ஆய்வகங்கள் தாங்களே செய்து பார்த்துத் தவறைக் கண்டுபிடித்த விதத்தை விளக்கியபோது அவள் முகத்தில் ஏமாற்றம் இல்லை; மேலும் கேட்டாள்.

வேலூருக்கு எழுதி விசாரிப்பது என்று நானும் என் மருமகனும் முடிவு செய்திருக்கிறோம். அதுவரை ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமையும் ஊசி தவறாது; குப்பியை உருட்டிக் கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். சென்ற ஞாயிறு அப்படி உருட்டிக்கொண்டிருந்தபோது, இத்தனை மாதங்களில் முதன்முறையாக என் தங்கை அந்தச் செய்தியைப் பற்றி வாய் திறந்தாள். "அண்ணே, அந்த அஞ்சு பேரும் இப்போ எப்படி இருக்காங்களாம்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தங்கள் செய்தியாளர் ஒருவரை வேலூருக்கு அனுப்பி, அவர்களுடைய பெயரையும் ஊரையும் வெளியிடாமல், அதைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். என் தங்கை அதைப் படிப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி மாவட்டம்